விருந்தினர் கண்ட வேந்தன்

புத்தளம் களப்பின் கரையில் ஒரு மாலைப் பொழுதில் நின்றிருந்தேன். ஒரு புறம் உப்பளங்கள் வெண்பாத்திகளாய் விரிந்து கிடந்தன. மேற்கே கற்பிட்டித் தரை கருங்கோடாய்த் தெரிந்தது. இந்தக் கரையில் ஒரு காலத்தில் வேந்தன் ஒருவன் கொலுவீற்றிருந்தான் என்று சொன்னால் எத்தனை பேர் நம்புவர் என எண்ணினேன். அதைச் சொல்லி வைத்தவர் நம் நாட்டுப் புலவர் அல்லர். மொரோக்கோவில் பிறந்து உலகை வலம்வந்த இப்னு பதூதா என்னும் யாத்திரிகர்.

1344ஆம் ஆண்டு மாலைதீவிலிருந்து தமிழகக் கரைக்குப் புறப்பட்ட அவருடைய மரக்கலம் இலங்கையை வந்தடைந்தது. மாலுமிகள் துறைக்குள் நுழைய அஞ்சினர். இது ஆரியச் சக்கரவர்த்தியின் நாடு, அவன் பொல்லாதவன், கடற்கொள்ளைக் கலங்களை உடையவன் என்றனர். காற்றோ மிகுந்து வந்தது. தம்மைக் கரையில் இறக்கிவிடுமாறும், மன்னனிடம் அபயம் பெற்றுத் தருவதாகவும் சொல்லி யாத்திரிகர் தனியே இறங்கினார்.

அவர் கண்டது என்ன? மரவேலியும் மரக்கொத்தளங்களும் சூழ்ந்த ஓர் அழகிய சிற்றூர். அவர் குறித்த அவ்வூர் புத்தளமே என்பது ஆராய்ச்சியாளர் துணிபு. ஆற்று வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுகளாய்க் குவிந்திருந்தன. மன்னன் அவரை அருகில் அமர்த்தி இன்மொழி பேசினான். பாரசீக மொழி அவனுக்கு விளங்கிற்று. சலாபத்தில் எடுத்த முத்துக்களை அவன் முன்னிலையில் ஏவலர் தரம் பிரித்துக்கொண்டிருந்தனர். மூன்று நாள் விருந்து நடந்தது. நாணாமல் வேண்டியதைக் கேளும் என்றான் மன்னன். ஆதம் மலையைத் தரிசிக்க வேண்டும் என்றார் விருந்தினர். சிவனொளிபாதமலை என்று நாம் வணங்கும் மலைதான் அது. உடனே பல்லக்கும், வழியறிந்த யோகியர் நால்வரும், அந்தணர் மூவரும், உணவு சுமக்கப் பதினைந்து பேரும் ஆயத்தமாயினர்.

கொள்ளைக்காரன் என்று மாலுமிகள் சொன்னவன் இவன்தானா? இவன் யார்?

அரை நூற்றாண்டு பின்னோக்கிச் செல்வோம். 1284ஆம் ஆண்டளவில் பாண்டியன் குலசேகரன் ஏவலால் ஆரியச் சக்கரவர்த்தி என்னும் அமைச்சன் படையுடன் வந்து யாப்பகூவாவைக் கைப்பற்றி, புத்தர் பெருமானின் புனிதத் தந்தத்தை எடுத்துச் சென்றான் எனச் சூளவம்சம் கூறுகின்றது. அவன் குலத்தவரே பின்னர் யாழ்ப்பாணத்தை ஆண்டனர் என்பர். குலசேகரனுக்குப் பின் அவன் மைந்தர் இருவர் அரியணைக்காகப் பொருதனர். 1311இல் மாலிக் கபூரின் படை மதுரையைச் சூறையாடிற்று. 1335ஆம் ஆண்டளவில் அங்கே சுல்தான் ஆட்சி தோன்றியது. ஏவிய அரசு சாய்ந்தது. ஏவல் கேட்டவன் குலம் முடி சூடி நின்றது.

இத்தகைய கதை நமக்கு மட்டும் உரியதன்று. உரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில், அதன் துணைப்படையாய் நின்ற விசிகோத்தியர் 418ஆம் ஆண்டில் கால் நாட்டில், இன்றைய பிரான்சின் தென்மேற்கில், குடியமர்த்தப்பட்டனர். உரோமர் அவர்களைக் காட்டுமிராண்டிகள் என்றே இகழ்ந்தனர். ஆனால் அவர்தம் மன்னன் இரண்டாம் தியோடோரிக்கின் (453-466) அவையில் இருந்த சிடோனியஸ் என்னும் உரோமப் பெருமகன் வேறொருவனைக் கண்டான். விடியுமுன் எழுந்து வழிபடுபவன்; தூதர் உரையைப் பொறுமையுடன் கேட்பவன்; அளவாக உண்பவன். தனக்கொரு காரியம் ஆகவேண்டுமானால் சூதாட்டத்தில் மகிழ்ந்தே தோற்பதாகவும் சிடோனியஸ் தன் கடிதத்தில் எழுதுகின்றான். அரசு எங்கே இடம் மாறிவிட்டது என்பதைக் காட்ட இந்த ஒரு செய்தி போதாதா?

பிறகு அந்தத் தியோடோரிக்கைக் கொன்று தம்பி யூரிக் பட்டத்துக்கு வந்தான். சிடோனியஸ் ஆயராய் இருந்து காத்த நகரம் 475இல் அவன் கைக்குச் சென்றது. மறு ஆண்டே மேலை உரோமின் கடைசிப் பேரரசன் பதவி இழந்தான்.

வேலியைக் காக்க வைத்தவனே தோட்டத்துக்கு உரியவனாகும்போது, பழைய உரிமைக்காரர் அவனைக் கள்வன் என்பர். அவன் பந்தியில் அமர்ந்தவரோ வேந்தன் என்பர். இரண்டிலும் உண்மை உண்டு. நம் மன்னனின் நூறு கலங்களைத் தமிழகக் கரையில் தாம் கண்டதாகவும், ஏமன் செல்லவிருந்த சரக்குக் கப்பல்களை அவை குறிவைத்ததாகவும் இப்னு பதூதாவே சொல்கின்றார். விருந்து உண்டதற்காக அவர் அதை மறைக்கவில்லை; அதைச் சொன்னதற்காக விருந்தை மறக்கவும் இல்லை.

அம்மன்னன் குலத்தின் கை தெற்கேயும் நீண்டது. சிலாபம், நீர்கொழும்பு, வத்தளை, கொழும்பு ஆகிய துறைகளில் ஆரியச் சக்கரவர்த்தியின் பாசறைகள் இருந்தனவென்றும், அழகக்கோனார் அவற்றை அழித்தாரென்றும் இராசாவலிய உரைக்கின்றது. ஒருவர் வீழ்ச்சியில் எழுந்தவர் மற்றொருவர் எழுச்சியில் தாழ்ந்தனர்.

இருள் பரவிவிட்டது. மரக்கோட்டையைக் கறையான் தின்று ஆறு நூற்றாண்டுகள் ஆகியிருக்கும். மன்னன் அளித்த மணிகளையும் பின்னொரு நாள் மேலைக் கடலில் கொள்ளையர் யாத்திரிகரிடமிருந்து பறித்துக்கொண்டனர். உடுத்த உடை தவிர எல்லாம் போயிற்று. ஆயினும் ஊர் திரும்பிய அவர், நினைவிலிருந்தே தம் பயணத்தைச் சொல்லி, 1355இல் நூலாக்குவித்தார். கொள்ளையர் கைக்கு அகப்படாத அந்த நினைவில்தான் நம் கரையின் வேந்தன் இன்றும் முத்துக்களைப் பார்த்தபடி வீற்றிருக்கின்றான்.