ஒளிராத இரத்தப் பொட்டு

ஈப்போவில் அரசாங்க மருத்துவமனையில் குழந்தை பிறந்தால், தொப்புள்கொடியிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். லகாட், மெங்லெம்பு, புந்தோங் பக்கத்துத் தாய்மார்கள் பலருக்கும் பழகிப்போன பெயர் அது: ஜி6பிடி சோதனை. இரத்தத்தைச் சில வேதிப்பொருள்களோடு கலந்து வடிதாளில் பொட்டாக வைத்து, புற ஊதா விளக்கின்கீழ் பார்ப்பார்கள். பொட்டு ஒளிர்ந்தால் கவலையில்லை. ஒளிராவிட்டால், குழந்தையின் இரத்தத்தில் ஒரு புரதம் போதிய அளவு வேலை செய்யவில்லை என்று பொருள்.

ஜி6பிடி என்னும் அந்தப் புரதம் ஒரு நொதி. 515 அமினோ அமிலங்கள் வரிசையாகக் கோத்து, பிறகு மடிந்து உருவாவது. எந்த இடத்தில் எந்த அமிலம் வர வேண்டும் என்ற கட்டளை எக்ஸ் குரோமோசோமில் உள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. அதில் ஒரே ஓர் எழுத்து மாறினாலும் போதும். இந்தியர்களிடம் காணப்படும் ‘கேரளா-கல்யாண்’ வகையில் 949ஆம் எழுத்து மாறியதால், 317ஆம் இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின் வந்து உட்கார்ந்துவிட்டது. மற்ற 514 இடங்களும் அப்படியேதான் இருக்கின்றன. ஆனாலும், இத்தகைய மாற்றங்களில் பெரும்பாலானவை புரதத்தின் மடிப்பை நிலைகுலைக்கின்றன. புரதம் சீக்கிரமே சிதைந்துவிடுகிறது.

இந்த நொதி உடலின் எல்லாச் செல்களிலும் உண்டு. பிறகு ஏன் சிவப்பணு மட்டும் அடிபடுகிறது? மற்ற செல்களில் கரு இருக்கிறது. பழைய புரதம் சிதைந்தால் புதியதைச் செய்துகொள்ளும். முதிர்ந்த சிவப்பணுவில் கரு இல்லை. பிறக்கும்போது கொண்டுவந்த நொதியை வைத்துக்கொண்டே ஏறத்தாழ 120 நாள் வாழ்ந்தாக வேண்டும். அதுவும் நாள் முழுக்க ஆக்சிஜனைச் சுமக்கும் செல் அது. ஆக்சிஜனால் விளையும் அரிப்பிலிருந்து அதைக் காப்பது குளூட்டாதயோன் என்னும் பொருள். குளூட்டாதயோனை மீண்டும் மீண்டும் புதுப்பிக்க என்ஏடிபிஎச் என்ற மூலக்கூறு வேண்டும். சிவப்பணுவில் அதை உண்டாக்கித் தருவது ஜி6பிடி நொதிதான். விளக்கின்கீழ் பொட்டில் ஒளிர்வதும் அதே மூலக்கூறுதான்.

சாதாரண நாளில், குறைந்த நொதியோடும் சிவப்பணு சமாளித்துக்கொள்கிறது. குறைபாடு உள்ளவர்களில் பெரும்பாலோர் எந்தத் தொல்லையும் இல்லாமல் வாழ்கிறார்கள். அரிப்பைத் திடீரென்று கூட்டும் ஒரு பொருள் உள்ளே வரும்போதுதான் ஆபத்து. ஹீமோகுளோபின் திரிந்து கட்டிகளாகச் செல்லின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், செல் விறைக்கும், மண்ணீரல் அதைப் பிடித்து அழிக்கும். சில செல்கள் இரத்தக் குழாயிலேயே உடையும். கண் மஞ்சளாகும், மூச்சு வாங்கும், சிறுநீர் கோப்பி-ஓ நிறத்தில் போகும்.

இதைக் கண்டுபிடிக்க வைத்தது மலேரியா மருந்து. 1920களில் வந்த பாமாகுவினும் பின்னால் வந்த பிரிமாகுவினும் சிலருக்கு மட்டும் இரத்தத்தைச் சிதைத்தன. அமெரிக்காவில் பால் கார்சன், ஆல்ஃப் ஆல்விங் குழுவினர் 1956இல் காரணத்தைக் கண்டார்கள்: மருந்தால் பாதிக்கப்பட்டவர்களின் சிவப்பணுக்களில் ஜி6பிடி குறைந்திருந்தது.

உலகில் 40 கோடிக்கும் மேற்பட்டோருக்கு இந்தக் குறைபாடு உண்டு. மலேரியா ஆண்ட நிலங்களில்தான் அது மிகுதி. குறைந்த நொதி உள்ள சிவப்பணுவில் மலேரியா ஒட்டுண்ணி செழிப்பாக வளர முடிவதில்லை. அதனால் இந்த மாற்றத்தைச் சுமந்தவர்களுக்குக் கொடிய மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பு கிடைத்தது. தலைமுறை தலைமுறையாக மாற்றமும் நிலைத்தது. இந்தியர்களிடம் மெடிட்டரேனியன், கேரளா-கல்யாண், ஒரிசா வகைகள். சீனர்களிடம் காண்டன், கைப்பிங். மலாய்க்காரர்களிடம் வியஞ்சான் முதலியவை. எழுத்துப் பிழை வேறு வேறு, விளைவு ஒன்று. இங்கே காட்டை அழித்து ரப்பர் நட்டபோது வெயில் பட்ட மலையோர ஓடைகளில் மலேரியா கொசு பெருகியது. தோட்டத் தமிழர்கள் கூட்டங்கூட்டமாக மடிந்தார்கள். அந்த லயங்களுக்கு நம் முன்னோர் கடல் கடந்து வந்தபோது, சிலரின் இரத்தத்தில் இந்த மாற்றமும் கூடவே வந்தது.

இன்று நம் வீட்டில் கவனிக்க வேண்டியவை சிலதான். குறைபாடுள்ள பச்சிளங் குழந்தைக்கு மஞ்சள் காமாலை கடுமையானால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறப்பொருள் மூளையைத் தாக்கிவிடும். ஆகவேதான் சோதனையில் குறைபாடு தெரிந்தால் குழந்தையைச் சில நாள் வார்டில் வைத்துக் கவனிக்கிறார்கள். சிங்கப்பூர் இந்தச் சோதனையை 1965இல் தொடங்கியது. மலேசியாவில் 1980களில் பரவியது. பாச்சை உருண்டையில் உள்ள நாப்தலின் இன்னோர் எதிரி. பெட்டியில் பத்திரப்படுத்திய பழைய துணியைப் பாட்டி ஆசையோடு எடுத்துக் குழந்தைக்குப் போர்த்தினால், அந்த வாடையே ஆபத்தாகலாம்.

உணவில் விலக்க வேண்டியது ஒரே ஒரு பயறு: இங்கே கச்சாங் பாராங் என்று விற்கும் பெரிய அவரை. கச்சாங் பூத்தே வகைகளில் ஓட்டோடு வறுத்துக் கிடைக்கும். அதிலுள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்களே சிவப்பணுவைத் தாக்குகின்றன. மெங்லெம்பு நிலக்கடலை, கொண்டைக்கடலை, சாம்பார்ப் பருப்பு ஆகியவற்றைப் பயந்து நிறுத்த வேண்டியதில்லை. மருந்துகளில் பிரிமாகுவின், டாப்சோன், நைட்ரோஃபியூரன்டாயின் போன்றவை கூடாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் குறைபாட்டை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; நாட்டு மருந்து, சீன மருந்து வாங்கும்போதும் அப்படியே.

எக்ஸ் குரோமோசோம் மகனுக்குத் தாயிடமிருந்து மட்டுமே வரும். அதனால் இது ஆண்களிடம் அதிகம். தாயைக் குறை சொல்ல இதில் எதுவுமில்லை. அவளும் தனக்குக் கிடைத்ததையே கொடுத்தாள். ஆனால் ஒரு பையனுக்குக் குறைபாடு தெரிந்தால், அவன் தாய்மாமனுக்கும் பெரியம்மா, சின்னம்மா மகன்களுக்கும் இருக்க வாய்ப்புண்டு. தோட்டங்களில் பிறந்து வளர்ந்த மூத்தவர்கள் பலர் இந்தச் சோதனை வருவதற்கு முன்பே பிறந்தவர்கள். தங்கள் நிலை என்னவென்று அறியாமலே மருந்து சாப்பிட்டு வருகிறார்கள். அடுத்த முறை இரத்தம் கொடுக்கும்போது ஜி6பிடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரத்தச் சிதைவு நடந்த கையோடு மட்டும் பார்க்காதீர்கள்: நொதி குறைந்த கிழட்டுச் செல்கள் அழிந்து இளஞ்செல்களே மிஞ்சியிருப்பதால், முடிவு நல்லதுபோல் காட்டி ஏமாற்றும். சில மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மரபணுவை நாம் மாற்ற முடியாது. அதனோடு எதைச் சேர விடக் கூடாது என்பது நம் கையில் இருக்கிறது.