நோவின் வாயில்

நோவை விரும்புவார் உலகில் இலர். ஆயினும், நோவே அறியாது பிறந்தோரின் வாழ்வு இன்பமயமாய் அமைவதில்லை. அத்தகையோர் குழந்தைப் பருவத்திலே தம் நாவையும் உதட்டையும் தாமே கடித்துச் சிதைப்பர். எலும்பு முறிந்த பின்னரும் அஃதறியாது நடப்பர். இதன் காரணம் ஒரு பரம்பரையலகிலே அடங்கியுள்ளது.

நரம்புக்கலத்தின் மென்சவ்வு, வெளியிலுள்ள சோடியம் அயன்கள் எளிதிற் புகாதவாறு தடுத்து நிற்பது. தூண்டல் உண்டாகுமிடத்து, அச்சவ்விலுள்ள புரத வாயில்கள் ஒரு கணம் திறக்க, அயன்கள் உட்புகுந்து மின்மாற்றத்தை விளைவிக்கும். அம்மாற்றமே கணத்தாக்கமாக நரம்புவழி ஓடுகின்றது. கணவாயின் பருத்த நரம்பிழையை ஆராய்ந்து 1952 இல் இதனை விளக்கியோர் ஹொட்ஜ்கின், ஹக்ஸ்லி என்னும் ஆங்கிலேய அறிஞர். 1963 இல் அவர்கள் நோபல் பரிசு பெற்றனர்.

மனித உடலில் இவ்வாயில்கள் ஒன்பது வகைப்படும். அவற்றுள் ஏழாவது, நோவுணர்த்தும் நரம்புகளிலே மிகுந்துள்ளது. ஏறத்தாழ 2,000 அமினோவமிலங்கள் கோத்த இப்புரதத்தை ஆக்கும் கட்டளை, இரண்டாம் நிறமூர்த்தத்திலுள்ள எஸ்.சீ.என். 9ஏ என்னும் பரம்பரையலகில் உளது. மெல்லிய தூண்டலைப் பெருக்கி, கணத்தாக்கம் எழும் எல்லைக்கு உயர்த்துதலே இப்புரதத்தின் தொழில்.

இப்பரம்பரையலகின் விகாரம் இருவகைத் துன்பம் தரும். வாயில் அளவிறந்து எளிதில் திறக்குமாயின், சிறு வெப்பமும் கைகால்களில் நெருப்பெனச் சுடும். இதனைச் சீன ஆராய்ச்சியாளர் 2004 இல் கண்டனர். வாயில் முற்றும் செயலற்றதாயின் நோவே தோன்றாது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பிரதியைப் பெற்றோர்க்கே இந்நிலை நேரும். வட பாகிஸ்தானிலே கையிற் கத்தி பாய்ச்சியும் தணல்மேல் நடந்தும் தெருவில் வேடிக்கை காட்டிய சிறுவன் ஒருவன், பதினான்கு வயதளவில் வீட்டுக் கூரையினின்று குதித்து மாண்டான். அவனால் தூண்டப்பெற்ற ஆய்வு, அப்பகுதியின் மூன்று குடும்பங்களில் இவ்விகாரத்தை 2006 இல் வெளிப்படுத்தியது. இத்தகையோர் தொடுகையையும் வெப்பத்தையும் உணர்வர், மணத்தை உணரார். நுகர்நரம்பிலும் இவ்வாயிலே தொழிற்படுதல் அதற்குக் காரணமாகும்.

இவ்வாயிலை மட்டும் அடைத்து நோவு தணிக்கும் மருந்தை ஆக்கும் முயற்சி இன்னும் முழுவெற்றி பெற்றிலது. எனினும், இதற்கு இனமான எட்டாம் வாயிலை அடைக்கும் மருந்தொன்று 2025 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோவு உடலின் காவலன். அதனை வேண்டும்பொழுது மட்டும் அடக்குவதே மருத்துவம் நாடும் வழி. அடியோடு அகற்றின் விளைவு யாதென்பதற்கு அச்சிறுவனின் முடிவே சான்று.