திருவிதாங்கூர் துணைப்படைத் தொகை

திருவிதாங்கூர் துணைப்படைத் தொகை என்பது, திருவிதாங்கூர் அரசு தனது பாதுகாப்புக்காக ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஆண்டுதோறும் செலுத்த ஒப்புக்கொண்ட பணம் ஆகும். 1795, 1805 ஆகிய ஆண்டுகளில் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகள் இத்தொகையை வரையறுத்தன. நெருக்கடியில் உதவத் தயங்கிய ஒரு நட்பு அரசுக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதா, நிறுத்துவதா என்ற கேள்வி 1808 இல் தளவாய் வேலுத்தம்பியின் முன் நின்றது. அதன் விளைவாக எழுந்த போரின் முக்கிய நிகழ்வுகள் சில இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் நடந்தன.

பின்னணி

திருவிதாங்கூருக்கும் கம்பெனிக்கும் இடையிலான உறவு மிளகு வணிகத்தில் தொடங்கியது. அஞ்சுதெங்கில் கோட்டை கட்டியிருந்த ஆங்கிலேயருடன் 1723 இல் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. 1741 இல் குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மா ஒல்லாந்தரை வென்றார். அப்போரில் பிடிபட்ட டிலனாய் என்பவர் பின்னர் திருவிதாங்கூரின் படைத்தலைவராகி, படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். அவருடைய கல்லறை உதயகிரிக் கோட்டையில் உள்ளது. எனவே, தொடக்கத்தில் இவ்வரசு தன் சொந்தப் படையையே பெரிதும் நம்பியிருந்தது.

மைசூர் அரசின் வளர்ச்சி இந்நிலையை மாற்றியது. 1784 இல் கம்பெனிக்கும் திப்பு சுல்தானுக்கும் இடையே செய்யப்பட்ட மங்களூர் உடன்படிக்கையில் திருவிதாங்கூர் அரசர் கம்பெனியின் நண்பர் எனக் குறிக்கப்பட்டார். 1788 இல் கம்பெனியின் இரண்டு சிப்பாய்ப் பட்டாளங்கள் வடக்கு எல்லையருகே நிறுத்தப்பட்டன. அவற்றின் செலவைத் திருவிதாங்கூர் ஏற்றது.

1789–90 நெருக்கடி

1789 இல் கார்த்திகைத் திருநாள் இராம வர்மா (தர்மராஜா) ஒல்லாந்தரிடமிருந்து கொடுங்கல்லூர், ஆயக்கோட்டை ஆகிய கோட்டைகளை விலைக்கு வாங்கினார். திப்பு இதை எதிர்த்தார். சென்னை ஆளுநர் ஜான் ஹாலண்டும் இக்கொள்முதலை ஏற்கவில்லை. 1789 டிசம்பர் 29 அன்று திப்புவின் படை நெடுங்கோட்டை எனப்பட்ட எல்லை அரணைத் தாக்கியபோது திருவிதாங்கூர்ப் படையே தனித்து நின்று அதை முறியடித்தது. அருகிலிருந்த கம்பெனிப் பட்டாளங்கள் போரில் இறங்கவில்லை. 1790 ஏப்ரலில் திப்பு மீண்டும் தாக்கி அரணை உடைத்தார். நாட்டின் வடபகுதி பெரும் அழிவுக்குள்ளானது.

ஆயினும், உதவி வரவே இல்லை என்று கூறுவது பொருந்தாது. தலைமை ஆளுநர் காரன்வாலிசு இத்தாக்குதலைக் கம்பெனியின் மீதான தாக்குதலாகவே கருதினார். ஹாலண்ட் பதவி விலகினார். மூன்றாம் மைசூர்ப் போர் தொடங்கியதால் திப்பு பின்வாங்க நேர்ந்தது. இப்போர் 1792 இல் சீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிந்தது. ஆனால் போர்ச் செலவில் ஒரு பங்கைக் கம்பெனி திருவிதாங்கூரிடம் கேட்டது. கம்பெனியின் உதவி பயனற்றதன்று. அது காலந்தாழ்ந்து வந்தது, வந்தபின் கட்டணமும் கேட்டது. பின்னாளைய வாதங்கள் அனைத்தும் இந்த அனுபவத்திலிருந்தே கிளைத்தன.

உடன்படிக்கைகள்

1795 உடன்படிக்கையின்படி, மூன்று சிப்பாய்ப் பட்டாளங்களுக்கும் சிறிய பீரங்கிப் படைப்பிரிவுக்கும் ஆகும் செலவுக்கு ஈடான தொகையைத் திருவிதாங்கூர் ஆண்டுதோறும் தர வேண்டும். அதற்கு ஈடாக, வெளிநாட்டுத் தாக்குதலிலிருந்து நாட்டைக் காப்பதாகக் கம்பெனி உறுதியளித்தது.

1804 இல் படிக் குறைப்பை எதிர்த்து நாயர் படையினர் கலகம் செய்தனர். இதைக் காரணமாகக் கொண்டு புதிய உடன்படிக்கை ஒன்று வற்புறுத்தப்பட்டது. தலைமை ஆளுநர் வெல்லெசுலியின் காலத்தில், ரெசிடெண்டு காலின் மெக்காலே வழியாக 1805 சனவரியில் இது நிறைவேறியது. மேலும் ஒரு படைப்பிரிவின் செலவு சேர்க்கப்பட்டதால் மொத்தத் தொகை ஆண்டுக்கு ஏறத்தாழ 8 இலட்சம் ரூபாயாக உயர்ந்தது.

தொகையைவிட நிபந்தனைகளே முக்கியமானவை. பணம் தவறக்கூடும் எனத் தலைமை ஆளுநர் கருதினால், உள்நாட்டு நிருவாகத்தில் தலையிடவோ நாட்டின் ஒரு பகுதியைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவோ அவருக்கு உரிமை இருந்தது. கம்பெனியின் அறிவுரைகளுக்கு அரசர் செவிசாய்க்கவும் வேண்டும். பணம் தவறினால் கம்பெனிக்குப் பரிகாரம் உண்டு. உதவி தவறினால் திருவிதாங்கூருக்கு அத்தகைய பரிகாரம் எதுவும் இல்லை.

வேலுத்தம்பியின் நிலை

வேலுத்தம்பி 1765 இல் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்திலுள்ள தலக்குளத்தில் பிறந்தவர். 1799 இல் ஊழல் அமைச்சர்களுக்கு எதிரான மக்கள் கிளர்ச்சியை வழிநடத்திப் புகழ்பெற்று, பின்னர் தளவாயானார். தொடக்கத்தில் மெக்காலேயுடன் நட்புடன் இருந்தார். 1805 உடன்படிக்கை அவரது பதவிக்காலத்திலேயே, அவரது ஒத்துழைப்புடன் செய்யப்பட்டது. ஆனால் கருவூலத்தால் இத்தொகையைத் தாங்க இயலவில்லை, நிலுவை பெருகியது. தளவாய் அவகாசம் கேட்டார். ரெசிடெண்டு உடனடிச் செலுத்துதலை வற்புறுத்தினார். செலவைக் குறைக்க, அரசின் சொந்தப் படையான கர்நாடகப் பட்டாளத்தைக் கலைக்குமாறும் ரெசிடெண்டு கோரினார். அதற்கு உடன்பட்டால் அயலார் படைக்குப் பணம் கொடுப்பதற்காகத் தன் படையை இழக்கும் நிலை ஏற்படும்.

இரு தரப்பு வாதங்கள்

தொகையைத் தொடர்ந்து செலுத்துவதற்குச் சார்பான காரணங்கள் வலுவானவை. தஞ்சாவூரின் நிருவாகம் 1799 இலும் ஆர்க்காட்டு நவாபின் நிருவாகம் 1801 இலும் கம்பெனியிடம் சென்றுவிட்டன. ஐதராபாத் நிசாம் 1800 இல் பணத்துக்குப் பதிலாகக் கடப்பை, பெல்லாரி முதலிய நிலப்பகுதிகளையே விட்டுக்கொடுத்தார். பணமாகச் செலுத்தி வந்ததால்தான் திருவிதாங்கூர் தன் நிலத்தைத் தக்கவைத்திருந்தது. மேலும், 1799 இல் திப்பு வீழ்ந்த பின் கம்பெனியை எதிர்த்து நிற்கத் துணையாகக்கூடிய வலிய அரசு தெற்கில் இல்லை.

எதிர் வாதமும் இதே உண்மையிலிருந்தே எழுந்தது. திப்பு இல்லையெனில் யாரிடமிருந்து பாதுகாப்பு? அச்சம் நீங்கியபின் கட்டணம் ஏன் உயர வேண்டும்? ஆபத்து வந்தாலும் கம்பெனி உதவும் என்பதற்கு உறுதி இல்லை. 1795 இல் நட்பு அரசான ஐதராபாத்தை மராத்தியர் கர்தா என்னுமிடத்தில் தோற்கடித்தபோது கம்பெனி நடுநிலை வகித்தது. நிசாம் சினந்து பிரெஞ்சு அதிகாரிகள் பயிற்றுவித்த படையை வளர்த்தார். எனினும் 1798 இல் அவரே கம்பெனியின் துணைப்படையை ஏற்க வேண்டியதாயிற்று. நம்பத்தகாத நண்பரைவிட்டு விலகுவதும் எளிதன்று என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1808–09 கிளர்ச்சி

வேலுத்தம்பி முறித்துக்கொள்ளும் வழியைத் தேர்ந்தார். கொச்சி அமைச்சர் பாலியத்து அச்சனுடன் சேர்ந்து திட்டமிட்டார். 1808 டிசம்பர் இறுதியில் கொச்சியிலிருந்த ரெசிடெண்டின் மாளிகை தாக்கப்பட்டது, மெக்காலே தப்பினார். 1809 சனவரியில் குண்டறையில் வேலுத்தம்பி வெளியிட்ட அறிக்கை, கம்பெனியின் நட்பு நாட்டைக் கைப்பற்றும் சூழ்ச்சியே என மக்களிடம் விளக்கியது. கொல்லத்தில் நடந்த போரில் அவரது படை தோற்றது.

கர்னல் செயின்ட் லெசர் தலைமையிலான கம்பெனிப் படை திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்து, 1809 பிப்ரவரி 10 அன்று ஆரல்வாய்மொழிக் கணவாய் அரணைக் கைப்பற்றியது. மலைக்கும் கடலுக்கும் இடைப்பட்ட இவ்வழியே நாஞ்சில் நாட்டின் வாயில் ஆகும். அரண் வீழ்ந்தபின் நாகர்கோவில், கோட்டாறு வழியே படை முன்னேறியது. உதயகிரி, பத்மநாபபுரம் கோட்டைகளும் வீழ்ந்தன. வேலுத்தம்பி மண்ணடிக் கோயிலில் உயிர்துறந்தார். அவரது உடல் திருவனந்தபுரம் கண்ணம்மூலையில் தூக்கிலிடப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டது.

விளைவுகள்

கிளர்ச்சியால் தொகை நீங்கவில்லை. 1810 இல் ரெசிடெண்டாக வந்த கர்னல் மன்றோ, 1811 முதல் 1814 வரை திவான் பதவியையும் தாமே வகித்து நிலுவையைத் தீர்த்தார். பணத்தைக் காப்பதற்காக ஏற்பட்ட தலையீடு இவ்வாறு முழு நிருவாகமாக வளர்ந்தது. எனினும் திருவிதாங்கூர் நேரடி ஆட்சிக்குட்படாமல் 1949 இல் திருவிதாங்கூர்-கொச்சி உருவாகும்வரை தனி அரசாக நீடித்தது. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்துடன் இணைந்தன.

வேலுத்தம்பியின் முடிவை இரு வகையாக மதிப்பிடலாம். இணங்கிச் சென்றிருந்தால் போரழிவைத் தவிர்த்திருக்கலாம் என்பது ஒன்று. அறிவுரை என்ற பெயரில் ஆட்சியே கைமாறும் என்று அவர் கருதியது இரண்டே ஆண்டுகளில் மெய்யாயிற்று என்பது மற்றொன்று. முடிவெடுக்கும் உரிமை உண்மையில் இருந்த காலம் 1808 அன்று; நிபந்தனைகளில் கையொப்பமிட்ட 1795 உம் 1805 உமே ஆகும்.