முழங்கால் 'கீஹோல்' ஆபரேஷன்: மூட்டுக்குள் போடும் ஊசி எத்தனை நேரம் வலியைத் தடுக்கும்?

முழங்கால் ஜவ்வு கிழிந்தவர்கள் பலருக்கு ஆர்த்ராஸ்கோபி எனும் நுண்துளை அறுவை சிகிச்சை செய்யப்படுகிறது. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். அப்போது வலி அதிகம் தெரியாது. இரவில்தான் ஆரம்பிக்கும். ஏன்?

என்ன ஊசி அது?

ஆபரேஷன் முடியும்போதே பலருக்கு மூட்டுக்குள் மரத்துப்போகும் மருந்து செலுத்துகிறார்கள். பியூபிவகைன், ரோபிவகைன் போன்றவை நரம்பு வழியே வலி உணர்வு செல்வதைத் தடுக்கும். அதுவும் சில மணி நேரம்தான்.

"வலிதான் இல்லையே" என்று மாத்திரையைத் தள்ளிப்போடாதீர்கள். மரத்த உணர்வு விலகும் முன்பே, டாக்டர் சொன்ன நேரத்தில் போட்டுவிடுங்கள். காலை உயர்த்தி வைப்பதும், துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடமும் உதவும்.

மார்பின் போட்டால் கூடுதல் பலன் உண்டா?

காக்ரேன் அமைப்பு 2016-ல் 28 ஆய்வுகளை அலசியது. மூட்டுக்குள் 1 மி.கி. மார்பின் போட்டவர்களுக்கும் மருந்தில்லா ஊசி போட்டவர்களுக்கும் வலியில் வித்தியாசம் தெரியவில்லை. அந்த ஆய்வுகளின் தரமும் குறைவுதான்.

நாள்கணக்கில் மருந்தை ஏற்றலாமே?

அதில் ஆபத்து இருக்கிறது. பம்ப் மூலம் 2-3 நாட்கள் மூட்டுக்குள் மருந்து செலுத்தப்பட்ட 35 பேருக்கு குருத்தெலும்பு சிதைந்ததாக 2009-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. பெரும்பாலானவை தோள்பட்டை சிகிச்சைகள்.

எப்போது மருத்துவமனைக்குப் போகணும்?

காய்ச்சல், மூட்டில் அதிகரிக்கும் வீக்கம், சிவப்பு, கெண்டைக்கால் வலி இருந்தால் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறல் வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள்.