கிணறும் மலசலகூடக் குழியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. குடிக்கவும் குளிக்கவும் தோட்டத்துக்கு இறைக்கவும் தலைமுறை தலைமுறையாகக் கிணற்றையே நாம் நம்பி வந்திருக்கிறோம். மாரி மழை மண்ணில் ஊறி, சுண்ணாம்புக் கற்பாறைக்குள் இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராகத் தங்குகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இதற்குக் கண்கண்ட சான்று.

மழைநீரை உள்ளே விடும் அதே பாறை கழிவுநீரையும் உள்ளே விடுகிறது. ஒரே வளவில் ஒரு பக்கம் கிணறும் மறு பக்கம் மலசலகூடக் குழியும் இருப்பது நமது வழமை. அயல் வளவிலும் அப்படியே. தடித்த மண் உள்ள இடத்தில் கழிவுநீர் மெல்லக் கசியும்; கிருமிகளில் பெரும்பகுதி மண்ணிலேயே தங்கி மடியும். சுண்ணாம்புக் கல்லிலோ வெடிப்புகளும் குகைகளும் உண்டு. அவற்றினூடாக நீர் விரைந்து ஓடிவிடும். ஆகவே கிணற்றுக்கும் குழிக்கும் இடையில் இத்தனை அடி என்று அளந்துவிட்டு, இனிப் பயமில்லை என்று நாம் இருந்துவிட முடியாது.

கொதிக்க வைத்தாலும் போகாதது

கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைத்திரேற்று அப்படிப் போகாது. நீர் ஆவியாகிக் குறைய அதன் செறிவு சற்றுக் கூடவே செய்யும். நீரின் நிறமோ மணமோ அதைக் காட்டிக் கொடுக்காது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று இருக்கலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். குடாநாட்டின் பல கிணறுகளில் இந்த அளவு மீறப்படுவதை 1980கள் முதல் ஆய்வுகள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளன.

இதனால் முதலில் பாதிக்கப்படுவது கைக்குழந்தை. கிணற்று நீரில் பால்மா கரைத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகள் நீலம் பாரித்தமைக்கு நீரிலிருந்த நைத்திரேற்றே காரணம் என்பதை 1945இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஹண்டர் கொம்லி என்ற வைத்தியர் எடுத்துக்காட்டினார். குழந்தையின் குருதி ஒட்சிசனைக் கொண்டு செல்லும் ஆற்றலை இழப்பதே இதற்குக் காரணம். தாய்ப்பால் மட்டும் அருந்தும் குழந்தைக்கு இந்த ஆபத்து மிகக் குறைவு.

எங்கிருந்து வருகிறது?

வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும் எருவும் ஒரு வழி. மலசலம் மற்றொரு வழி. ஒரு மனிதரின் உடலிலிருந்து நாளொன்றுக்கு ஏறக்குறைய 10 கிராம் நைதரசன் வெளியேறுகிறது. பெரும்பகுதி சிறுநீரிலேயே உள்ளது. அது முழுவதும் நைத்திரேற்றாக மாறினால் 44 கிராம் ஆகும். சுத்தமான நீர் 880 லீற்றரை மேற்சொன்ன எல்லைக்குக் கொண்டுவர இது போதும். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு இது நாளொன்றுக்கு 4,400 லீற்றர். எல்லாமே கிணற்றை அடைவதில்லை. ஆனால் நெருக்கமான குடியிருப்பில் எத்தனை வீடுகள் என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

சுத்திகரிப்பு எவ்வாறு நடக்கிறது?

மலக்கழிவுத் தொட்டி கட்டினால் வேலை முடிந்தது என்று பலர் எண்ணுகிறோம். தொட்டியில் திண்மக் கழிவு அடியில் படியும். அமோனியா வடிவிலுள்ள நைதரசனோ நீரோடு வெளியேறிவிடும். அதை நீக்க இரண்டு படிகள் வேண்டும். முதலாவது, காற்றுப் படும் இடத்தில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரேற்றாக்கும். இரண்டாவது, காற்றுப் படாத இடத்தில், காபன் உணவு கிடைத்தால், வேறு பற்றீரியாக்கள் நைத்திரேற்றிலுள்ள ஒட்சிசனை எடுத்துக்கொண்டு நைதரசனை வாயுவாக்கி ஆகாயத்துக்கு அனுப்பிவிடும். நமது குழிகளைச் சுற்றி முதற்படி நடந்துவிடுகிறது. இரண்டாவது நடக்குமுன் நீர் பாறைக்குள் போய்விடுகிறது.

இந்த இரு படிகளையும் செலவு குறைந்த முறையில் நடத்தலாம். நீர்த்தாவரங்களைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கும் பரிசோதனைகளை 1950களில் ஜேர்மனியில் கேத்தே சைடல் என்ற பெண் விஞ்ஞானி தொடங்கினார். அதன் வழிவந்ததே சரளைக் கற்பாத்தி முறை. தொட்டியிலிருந்து வரும் நீரை முதற் பாத்தியின் மேலிருந்து விட்டுவிட்டு ஊற்றி வடியவிட்டால் காற்றுப் படும். இரண்டாம் பாத்தியில் நீர் கல்லுக்குள்ளேயே நிறைந்து மெல்ல நகர்ந்தால் காற்று அற்றுப்போகும். நாணல், சம்பு, கல்வாழை போன்றவற்றை நடலாம். நீர் கல்லின் மேல் தேங்காதவாறு வைத்தால் நுளம்பு பெருகாது. ஒரே பாத்தியால் இரு வேலையும் சரிவர நடக்காது. நமது நிலத்தில் பாத்தியின் அடியையும் பக்கங்களையும் நீர் கசியாதவாறு அடைத்தே கட்டவேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

கிணற்று நீரில் கிருமியை மட்டுமன்றி நைத்திரேற்றையும் பரிசோதிக்குமாறு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்போம். அளவு மிஞ்சிய கிணற்று நீரில் குழந்தைக்குப் பால்மா கரைக்காதிருப்போம். புதிதாகக் கட்டும் மலசலகூடத்துக்கு அடி அடைத்த தொட்டியே கட்டுவோம். நிரம்பிய தொட்டியை வெறுமையாக்க வரும் பவுசர் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்றும் விசாரிப்போம். யூரியாவைப் பயிருக்குத் தேவையான அளவில், பலமுறை பிரித்து இடுவோம். தனி வீட்டுக்குப் பாத்தி கட்டும் செலவு பாரமானால் நாலைந்து வீடுகள் சேர்ந்து கட்டலாம். கிராம அபிவிருத்திச் சங்கங்கள் இதை எடுத்துப் பேசலாம். எல்லைவேலி நிலத்துக்கு மேலேதான் உண்டு. நிலத்துக்குக் கீழே நம் எல்லாருக்கும் ஒரே நீர்தான்.