எர்த் பின்னில் கை வைக்காதீர்கள்

வீட்டில் மைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸும் வைத்துக்கொண்டு பாட்டு, பாட்காஸ்ட், டப்பிங் என்று பதிவு செய்கிறவர்களிடையே ஒரு கைவைத்தியம் உலவுகிறது. ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று ஓயாத இரைச்சலா? மூன்று பின் பிளக்கின் பெரிய பின்னை உடைத்துவிடு, சத்தம் நின்றுவிடும் என்பார்கள். பல வீடுகளில் நிற்கவும் செய்யும். அதனால்தான் இந்த வைத்தியம் இன்னும் சாகாமல் இருக்கிறது.

அந்தப் பெரிய பின்தான் எர்த். கருவிக்குள் இன்சுலேஷன் கெட்டு, ஃபேஸ் வயர் உலோக உடலைத் தொட்டுவிட்டால், மின்சாரம் எர்த் வழியே பாய்ந்து ஃபியூஸையோ எம்.சி.பி.யையோ விழவைக்கும். பின் இல்லாவிட்டால் எதுவும் விழாது. கருவி 230 வோல்ட்டைச் சுமந்தபடி சும்மா இருக்கும், யாராவது தொடும்வரை. பதிவு செய்கிறவருக்கு விரலில் கிட்டார் கம்பி, உதட்டருகே மைக்கின் உலோக வலை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது அவருடைய நெஞ்சு. ஸ்டோன் த க்ரோஸ் குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-இல் பிரிட்டனின் ஸ்வான்ஸி நகரில், எர்த் சரியில்லாத மைக்கை மேடையில் தொட்டு இறந்தார். யார்ட்பேர்ட்ஸ் பாடகர் கீத் ரெல்ஃபுக்கு 1976-இல் சாவு வந்தது மேடையில்கூட இல்லை. தன் வீட்டில், எர்த் சரியில்லாத எலெக்ட்ரிக் கிட்டாரை வாசித்துக்கொண்டிருந்தபோது.

சுவரில் மூன்று துளை இருப்பதாலேயே எர்த் இருக்கிறது என்று நம்பிவிடவும் வேண்டாம். பின்னால் வயரே இணைக்காத சாக்கெட்டுகள் பழைய வீடுகளில் ஏராளம். எலெக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் போடச் சொல்லுங்கள். வாடகை வீட்டுக்காரர்கள் ஓனரிடம் இதைக் கேட்கத் தயங்குவது வழக்கம். தயங்க வேண்டாம், இது ஏ.சி. கேட்பது போன்ற சொகுசு அல்ல.

சரி, இரைச்சல்? அது எங்கே பிறக்கிறது என்று முதலில் பிடிக்க வேண்டும். யாரும் பேசாமல் பத்து வினாடி பதிவு செய்து, அந்தக் கோப்பை செல்போனில் போட்டு ஹெட்போனில் கேளுங்கள். கோப்பு சுத்தமாக இருந்து ஸ்பீக்கர் மட்டும் முனகினால், குற்றம் வெளியேறும் பக்கத்தில். அடுத்து லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் அது பெரும்பாலும் ‘கிரவுண்ட் லூப்’. லேப்டாப்புக்கு ஒரு சாக்கெட்டில் எர்த், ஸ்பீக்கருக்கு இன்னொரு சாக்கெட்டில் எர்த், நடுவே யு.எஸ்.பி. வயரும் ஆடியோ வயரும் சேர்ந்து இரண்டையும் ஒரு வளையமாக்கிவிடுகின்றன. நம் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அந்த வளையத்தில் சுற்றிச்சுற்றி வந்து ஸ்பீக்கரில் பேசுகிறது. எர்த்தை வெட்டினால் வளையம் அறும், சத்தம் நிற்கும், காவலும் போகும். வளையத்தை ஆடியோ பக்கத்தில் அறுப்பதே சரி. எல்லாவற்றையும் ஒரே சாக்கெட்டிலிருந்து வரும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகுங்கள். ஸ்பீக்கருக்குப் பேலன்ஸ்டு டி.ஆர்.எஸ். கேபிள் போடுங்கள். அதிலும் தீராவிட்டால், ஆடியோ வயரின் நடுவில் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்.

கிட்டாரில் மட்டும் ‘கர்ர்ர்’ என்றால் சீலிங் ஃபேன் ரெகுலேட்டரைச் சந்தேகியுங்கள். படிகள் இல்லாமல் சீராகத் திருகும் வகை எலெக்ட்ரானிக் ரெகுலேட்டர் மின் அலையை நறுக்கித்தான் வேகத்தைக் குறைக்கிறது. அந்த நறுக்கலை சிங்கிள் காயில் பிக்கப் அப்படியே வாங்கிக்கொள்ளும். ஃபேனை நிறுத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். இடையிடையே ‘பட் பட்’ என்று வெடித்தால் அது பெரும்பாலும் மின்சாரச் சமாச்சாரம் இல்லை: பதிவு மென்பொருளில் பஃபர் அளவை 128-லிருந்து 256 அல்லது 512 ஆக்குங்கள், யு.எஸ்.பி. ஹப் வழியாக இல்லாமல் நேரடியாகச் சொருகுங்கள்.

‘உஸ்ஸ்’ என்ற சீறலில் பாதி நாமே வரவழைத்துக்கொள்வது. ஷூர் எஸ்.எம்.7பி போன்ற டைனமிக் மைக்குகளுக்கு 60 டெசிபெல் அளவுக்குப் பெருக்கம் வேண்டும். பல சின்ன இன்டர்ஃபேஸ்களின் உச்சமே அதை எட்டாது. குமிழை முடிந்தவரை திருகினால் சீறத்தான் செய்யும். அது பழுது அல்ல, பொருத்தமில்லாத ஜோடி.

கடைசியாக, எல்லா இன்புட்டையும் கழற்றி, கெயினை முழுக்கக் குறைத்து, வேறு யு.எஸ்.பி. கேபிளில், வேறு லேப்டாப்பில், பேட்டரியில் சோதியுங்கள். அப்போதும் பதிவில் இரைச்சல் இருந்தால் இன்டர்ஃபேஸ் பெட்டிதான் குற்றவாளி. “உங்க வீட்டு கரன்ட் சரியில்லை சார்” என்று கடைக்காரர் சொல்வார். பல நேரம் அவர் சொல்வது உண்மையும்கூட. ஆனால் பேட்டரியில் ஓடும் இரண்டாவது லேப்டாப்பிலும் அதே இரைச்சல் பதிவாகியிருந்தால் அந்த வாதம் எடுபடாது. ஆகவே சோதிக்கும்போதே செல்போனில் வீடியோ எடுங்கள். சீரியல் எண் தெரியட்டும். பதிவான கோப்புகளை அழிக்காதீர்கள். ஸ்க்ரூ டிரைவரோடு பெட்டியைத் திறந்துவிட்டால் வாரன்டியை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும்.

புகாரை போனில் சொல்லாமல் மின்னஞ்சலில் அனுப்புங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லில் அச்சடித்திருப்பதைக் கண்டு மிரள வேண்டாம். பழுதான பொருளைத் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பதை 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிகமாகவே பார்க்கிறது. பணம் தரும் கெடு எதுவும் பில்லில் இல்லையென்றால் 30 நாள். இணையத்தில் வாங்கியிருந்தால், தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020-இன் மின்வணிக விதிகள். பில் இல்லாமல் மலிவாக வாங்கியவர்களுக்கு இந்தப் படிகள் எல்லாமே வழுக்கும்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை டெல்லியில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். பழுதை ஆய்வகத்தில் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும் என்றால் ஆணையம் கருவியை அங்கே அனுப்பலாம். அதற்கான செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லக்கூடும். அப்படிப்பட்ட வழக்குகளை முடிக்கச் சட்டம் தரும் கெடு ஐந்து மாதம். நடைமுறையில் இழுக்கும், தயாராக இருங்கள்.

யூடியூபிலோ டப்பிங்கிலோ சம்பாதிக்கிறவர்களுக்கு ஒரு கூடுதல் கண்ணி உண்டு. வணிக நோக்கத்துக்காக வாங்கியவர் ‘நுகர்வோர்’ அல்ல என்று எதிர்த்தரப்பு ஆட்சேபிக்கலாம். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துகிறவரைச் சட்டம் அந்த விலக்கில் சேர்ப்பதில்லை. கருவியை வாங்கியது அதற்காகத்தான் என்பதை மனுவின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.