முற்றத்துப் பூச்செடியும் நம் பகுதித் தண்ணீரும்

வீட்டின் முன்னே பத்தடி இடமே இருந்தாலும், அதில் நான்கு பூச்செடிகள் வைக்க வேண்டும் என்பது நம் குடும்பங்களின் இயல்பான விருப்பம். சுவாமி படத்துக்குச் சாத்தவும், பெண்கள் தலையில் சூடவும் நாள்தோறும் பூ வேண்டியிருக்கிறது. முழம் போட்டு வாங்கும் பூவுக்காக மாதந்தோறும் ஒரு தொகையை ஒதுக்க வேண்டியதாகிறது. தறிக் கூலியைக் கொண்டும், சிறு நிலத்தின் விளைவைக் கொண்டும் காலம் தள்ளுகிறவர்களுக்கு அது சிறிய தொகையன்று. ஆதலின், இடத்தை அடைக்காமல் மூன்றடி உயரத்துக்குள் நின்று பூக்கும் குட்டைச் செடிகளைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விழைகிறோம்.

இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாக எருவைப் பற்றி முதலில் பேசுவார்கள். நாம் தண்ணீரைப் பற்றி முதலில் பேசப் போகிறோம். நம் பகுதியில் பூச்செடி பிழைப்பதும் பட்டுப்போவதும் பெரும்பாலும் தண்ணீரைப் பொறுத்தே அமைகின்றன.

இருவகைத் தண்ணீர்

வேலூருக்குத் தெற்கே, ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் அமிர்தி இருக்கிறது. அங்குள்ள காட்டையும் அருவியையும், 1967-ல் அமைக்கப்பட்ட உயிரியல் பூங்காவையும் நம்மில் பலர் கண்டிருப்போம். காட்டு மண்ணிலும் பாறை இடுக்கிலும் ஊறிவரும் மலையடிவாரத்து நீரில் பொதுவாக உப்பு குறைவு. அத்தகைய நீரில் இட்லிப்பூவும் கனகாம்பரமும் அதிகப் பிரயாசையின்றி வளரும்.

அதே செடியைப் பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கத்தில் உவர்நீர்க் கிணறு உள்ள ஒரு வீட்டில் நட்டால் கதை வேறாகிவிடுகிறது. இரண்டொரு மாதங்களில் இலை நுனி கருகும், பூ சிறுக்கும், பிறகு செடியே போய்விடும். நட்டவர்கள் தம் கைராசியை நொந்துகொள்வார்கள். குற்றம் கையில் இல்லை, கிணற்றில் இருக்கிறது.

இதன் காரணம் யாவரும் அறிந்ததே. பச்சைத் தோல் அழுகாதிருக்க அதில் உப்பைப் பெருமளவில் இடுகிறார்கள். தொழிற்சாலையில் தோலை ஊறவைத்துக் கழுவும்போது அந்த உப்பு நீரோடு வெளியேறுகிறது. சாதாரண முறையில் சுத்திகரித்தால் அழுக்கு நீங்குமே தவிர, கரைந்த உப்பு நீங்குவதில்லை. பல்லாண்டுகள் இவ்வாறு வெளியேறிய கழிவு நிலத்திலும் கிணறுகளிலும் இறங்கிவிட்டது. 1996-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 28-ஆம் தேதி, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பிலே, தோல் பதனிடும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற் போயிற்று என்று எடுத்துக் காட்டப்பட்டது. நீரைக் கெடுத்தவரே அதைச் சீராக்கும் செலவையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையையும் அத்தீர்ப்பு வற்புறுத்திற்று. வயலுக்கு நேர்ந்தது முற்றத்துக்கும் நேர்ந்திருக்கிறது என்பதைப் பூச்செடிகள் நமக்குச் சொல்கின்றன.

உப்புக் கணக்கு

செடி தண்ணீரைக் குடிக்கிறது. உப்பில் பெரும் பகுதியை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. ஒரு லிட்டர் நீரில் 2 கிராம் உப்பு கரைந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு தொட்டிக்கு நாள்தோறும் ஒரு லிட்டர் ஊற்றினால் முப்பது நாளில் 60 கிராம் உப்பை அதில் இட்டவர்கள் ஆகிறோம். கறிக்குப் போடும் உப்பில் இரண்டு கைப்பிடியை மாதந்தோறும் செடிக்கு வைக்க யாராவது துணிவார்களா? தொட்டியின் விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்பது இந்த உப்பே.

ஆகவே, செடி வாங்குமுன் நீரைச் சோதித்தறிவது நலம். தூய பிளாஸ்டிக் புட்டியை அதே கிணற்று நீரால் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் நிரப்பி, வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். விரிஞ்சிபுரத்திலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் யோசனை கேட்கலாம். சோதனைத் தாளில் ‘மின்கடத்துத் திறன்’ என்ற எண்ணைப் பார்க்க வேண்டும். அது 0.75-க்குக் கீழ் இருந்தால் பெரும்பாலான செடிகளுக்குக் கவலையில்லை. 0.75-க்கும் 2.25-க்கும் இடையில் இருந்தால் செடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2.25-ஐத் தாண்டினால் உப்பைப் பொறுக்கும் செடிகளையன்றி மற்றவற்றை நாடாதிருப்பதே விவேகம்.

நீருக்குத் தக்க செடி

நல்ல தண்ணீர் உள்ளவர்கள் குட்டை இட்லிப்பூ, கனகாம்பரம், ரோஜா ஆகியவற்றை வைக்கலாம். இட்லிப்பூ சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண்ணை விரும்பும். சுண்ணாம்பு கலந்த சுவரோரம் அதற்கு ஆகாது. கனகாம்பரத்துக்கு அரை நிழல் போதும். அதன் முதிர்ந்த காய் ஈரம் பட்டதும் வெடித்து விதையைச் சிதறிவிடுமாதலால், விதை வேண்டுவோர் காய் பழுப்பாகும்போதே பறித்துக்கொள்க. ‘டெல்லி கனகாம்பரம்’ என்னும் வகை விதை கட்டாது. தண்டைக் கிள்ளி வைத்தே அதைப் பெருக்க வேண்டும். கனகாம்பரத்தின் வேரை நூற்புழு தாக்குவதுண்டு. நடுமுன் வேப்பம் பிண்ணாக்கு இட்டு, இடையிடையே துலுக்கச் சாமந்தி நட்டால் அத்தொல்லை குறையும்.

நடுத்தரமான நீருக்குக் குண்டுமல்லி, நந்தியாவட்டை, செம்பருத்தி ஆகியன ஏற்றவை. இவை தாமாகக் குட்டையாக நிற்பவை அல்ல; கத்தரியால் நிறுத்தி வைக்க வேண்டியவை. குண்டுமல்லியை நவம்பர் மாதக் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு, மேலே உள்ளதைத் துணிந்து வெட்டிவிட வேண்டும். வெட்ட மனம் வராதவர்கள் வீட்டில் கொடி நீளுமே தவிர, பங்குனி பிறந்தும் மொட்டு நிறையாது.

உப்புநீர் உள்ளவர்களும் மனம் தளர வேண்டியதில்லை. குட்டை அரளி, காகிதப்பூ, நித்தியகல்யாணி ஆகிய மூன்றும் ஓரளவு உப்பைத் தாங்கிக்கொண்டு பூக்கும். ஆனால் அரளியின் இலை, தண்டு, வேர் எல்லாம் விஷம். ஆடு மாடு கட்டும் இடத்துக்கு அருகிலும், குழந்தைகள் விளையாடும் இடத்திலும் அதை வைக்கலாகாது; வெட்டிய கிளையை அடுப்பிலும் வைக்கலாகாது. நித்தியகல்யாணியிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கான மருந்துகள் எடுக்கப்படுகின்றன என்றாலும், வீட்டில் அதை அரைத்துக் குடிப்பது ஆபத்து.

நான்காவதாக ஒரு செடியையும் சொல்ல வேண்டும். அது நம் மேட்டுக்காட்டு ஆவாரை. வறட்சியையும் ஓரளவு சவுட்டு மண்ணையும் பொறுத்து, தங்கம் போல் பூப்பது. ஒரு காலத்தில் தென்னாட்டுத் தோல் ஷாப்புகள் ஆவாரம் பட்டையைக் கொண்டே தோலைப் பதனிட்டன. பிறகு வெளிநாட்டு வாட்டில் பட்டையும், அதன்பின் குரோமிய உப்பும் வந்து அதன் இடத்தைப் பிடித்தன. தோல் தொழிலுக்கு முன்னோடியாய் உழைத்த செடி, அத்தொழிலால் உவர்ப்பேறிய மண்ணிலும் நமக்குப் பூக்கொடுக்க நிற்கிறது. போகிக்குக் காப்புக் கட்ட ஊர் எல்லைக்கு ஓடித் தேடுவதை விட்டு, வேலியோரம் இரண்டு வைத்து, ஆண்டுக்கு ஒருமுறை வெட்டிவிட்டால் மூன்றடிப் புதராக நிற்கும்.

வளர்க்கும் முறை

தரையில் நடுவோர் ஒன்றரை அடி நீள அகல ஆழத்தில் குழி எடுத்து, செம்மண், மணல், மக்கிய எரு மூன்றையும் சம பங்காகக் கலந்து நிரப்புக. தொட்டியானால் அடியில் துளை அவசியம். துளையில்லாத் தொட்டி உப்பளமாகும். தினமும் சிறிது தெளிப்பதைக் காட்டிலும், மண் மேலாகக் காய்ந்தபின் அடித்துளை வழியே வடியுமளவு நிறைய ஊற்றுவதே முறை; வடியும் நீர் உப்பையும் கொண்டுபோகும். இலை மேல் உப்புநீர் படாமல் அடியில் ஊற்ற வேண்டும். வேர்ப்பகுதியைச் சருகால் மூடலாம். தென்னை நார்க்கழிவு இடுவதானால் நன்றாக அலசி இடுக. அதிலும் உப்பு உண்டு.

இலையே நோயைச் சொல்லும். ஓரமும் நுனியும் கருகினால் உப்பு மிகுதி. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச் சத்துக் குறைவு. லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து மாதம் ஒருமுறை தெளிக்கலாம். மண் ஈரமாயிருந்தும் செடி வாடினால் வேரைப் பார்க்க வேண்டும்.

நெசவாளர் வீடுகளுக்கு இரண்டு எச்சரிக்கைகள். சாயமிட்ட பின் மிஞ்சும் நீரில் உப்பும் சோடாவும் இருப்பதால் அதைச் செடிக்கு ஊற்றாதீர்கள். குழித்தறி உள்ள அறையின் சுவரோரம் செடி வைத்துத் தினமும் நீர் பாய்ச்சாதீர்கள். கசிவு தறிக்குழியில் இறங்கி, காலுக்கும் பாவுக்கும் கேடு செய்யும். இன்று பல வீடுகளில் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி இருக்கிறது. அது வெளித்தள்ளும் நீர் கிணற்று நீரைவிட உப்பு மிகுந்தது என்பதையும் மறக்கலாகாது.

மழையே மருந்து

200 சதுர அடிக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது போகச் சுமார் 150 லிட்டர் நீர் கிடைக்கும். தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-ல் கட்டாயமாக்கப்பட்டது. நிலத்துக்குள் விடும் குழாயில் ஒரு கிளையைப் பீப்பாய்க்குத் திருப்பினால், மென்மையான செடி ஒன்றிரண்டைக் கோடையிலும் காப்பாற்றலாம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டிகளைத் தாழ்வாரத்தில் ஒதுக்காமல் திறந்த வெளியில் வைத்தால், ஆண்டு முழுதும் சேர்ந்த உப்பு கழுவப்பட்டுவிடும்.

இவை ஒரு குடும்பம் தனித்துச் செய்யக்கூடியவை. சங்கமாகச் சேர்ந்தால் இன்னும் எளிது. தெருவுக்கு ஒரு கிணற்று நீரைச் சோதித்து, அந்த எண்ணைச் சங்கக் கட்டடத்தின் பலகையில் எழுதி வைக்கலாம். நல்ல தண்ணீர் உள்ள அங்கத்தினர் கனகாம்பர நாற்றும், உவர்நீர் உள்ள அங்கத்தினர் அரளிப் பதியனும் வளர்த்து ஒருவருக்கொருவர் கொடுத்துக் கொள்ளலாம். ஆண்டுதோறும் அதே கிணற்றின் எண்ணைக் குறித்து வந்தால், நிலத்தடி நீர் தேறுகிறதா, மேலும் கெடுகிறதா என்பதும் விளங்கும். அதிகாரிகளிடம் முறையிட வேண்டி வரும் நாளில் வாய்ச்சொல்லைவிட அந்தக் குறிப்பேடு வலுவாகப் பேசும்.